கப்பல் பனியனும் என் நிரந்தர வேலையும்

அரசு வேலையில் சேரப்போகும் என் மகளின் கைப்பையில் மயில் படம் போட்டிருந்ததற்காகப் போன வாரம் வீட்டில் பெரிய சண்டை போட்டேன். அரசு வேலைக்குப் போகிறவர்கள் மேல் எந்தப் படமும் இருக்கக் கூடாது என்பது என் கட்சி.

எழுபதுகளின் தொடக்கம். திருமுல்லைவாயிலில் வீடு, ஆவடியில் ஓர் அரசு அலுவலகத்தில் தற்காலிக எழுத்தர் வேலை. நிரந்தரமாக இன்னும் இரண்டே மாதம். அந்த நேரம் பார்த்து அம்பத்தூர் பழைய பேப்பர் கடையில் ஓர் ஆங்கிலப் பத்திரிகை கையில் சிக்கியது. அதில் இங்கிலாந்துக் கால்பந்துக் கிளப் ஒன்றின் வரலாறு. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள் சேர்ந்து ஆரம்பித்ததாம். சொந்த மைதானம் இல்லாமல் வருடக்கணக்கில் அலைந்ததாம். கடைசியில் கோப்பையே வாங்கியதாம். அதன் சின்னம் பாய்மரக் கப்பல், கீழே லத்தீனில் ஒரு வரி. படித்துவிட்டு அழுதேன். (சிரிக்காதீர்கள். எங்கள் ஊர்க் கால்பந்து டீமுக்கும் மைதானம் கிடையாது. ஏரி வற்றினால்தான் ஆட்டம்.)

எங்கள் டீமின் பதினோரு பனியன்களில் அந்தக் கப்பலை லத்தீன் வரியோடு அச்சடிக்கவைத்தேன், நெஞ்சில், சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு. தினமும் காலையில் அதைப் போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றி ஓடினோம். யார் கேட்டாலும் நின்று கப்பலின் பெருமையைச் சொல்வேன். கேட்காதவர்களுக்கும் சொன்னேன்.

அடுத்த வாரம் பஞ்சாயத்துத் தேர்தலுக்குச் சின்னம் ஒதுக்கினார்கள். அரிசி மண்டிக்காரர் ஒருவருக்குக் கப்பல். என் மரமண்டைக்கு அது உறைக்கவே இல்லை, ஓடிக்கொண்டே இருந்தேன். அரசு ஊழியன் ஓட்டுக் கேட்கிறான் என்று எதிர் வேட்பாளர் மனு எழுதிப் போட்டுவிட்டார். அது நிரூபணமானால் வேலை போய்விடும்.

மேலதிகாரி கூப்பிட்டார். நான் கொதித்துப்போய், கிளப் பிறந்த கதையிலிருந்து கோப்பை வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"கப்பலுக்குக் கீழே என்னய்யா எழுதியிருக்கு?"

"லத்தீன் சார். அர்த்தம் எனக்கும் தெரியாது."

"அர்த்தம் தெரியாமலே ஊர் முழுக்க வாக்குறுதி கொடுத்திருக்கே."

நான் வாயைத் திறப்பதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு அந்த மண்டிக்காரரே வந்து நின்றார், கையில் ரோஜா மாலையோடு.

"இன்னா நைனா, இங்கயா கீறே? உன்ன ஊட்டாண்ட தேடிகினு வரேன். ஒரு டீ கூட வாங்கிக் குடிக்காம எனுக்கோசரம் இந்த ஓட்டம் ஓடிகினு கீறியே."

மாலை என் கழுத்தில் விழுந்தது. அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

அந்த ஆங்கிலப் பத்திரிகையைக் கொண்டுபோய்க் காட்டியதில் வேலை தப்பியது, நிரந்தரம் ஒரு வருடம் தள்ளிப்போனது. இது என்ன நியாயம்? கப்பலே வராத ஊரில் கப்பலைச் சின்னமாகக் கொடுத்தவரை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? மண்டிக்காரர் தோற்றதற்கும் நான்தான் காரணமாம். எங்கள் டீம் ஆடிய லட்சணத்தைப் பார்த்து ஜனங்கள் மிரண்டுவிட்டார்களாம்.

இத்தனை வருடம் கழித்தும், என் பக்கத்து நியாயத்தை வீட்டில் நான் எடுத்து விளக்க ஆரம்பித்தால் போதும், என் மனைவி கை கூப்பிவிடுவாள்.

"விடுங்க. எங்க ஓட்டு கப்பலுக்குத்தான்."