பல் தேய்த்தது நான்தான்

பிள்ளைகளா, உங்கள் அப்பா ஒரு விஞ்ஞானச் சோதனையைக் கெடுத்தவன். அதுவும் பல் தேய்த்துக் கெடுத்தவன். அதற்காக இன்றுவரை வெட்கப்பட்டதில்லை. (கொஞ்சம் பட்டேன். அம்மாவிடம் சொல்லாதீர்கள்.)

அப்போது நான் உப்பலில் லேத் பட்டறையில் இருந்தேன். கொண்டாப்பூரில் ஒரு சின்னக் கம்பெனி, ஈறுகளுக்குள் ரத்தம் ஓடுவதைப் படம் பிடிக்கும் கருவி செய்துகொண்டிருந்தது. ஊசி கிடையாது, கீறல் கிடையாது. லேசர் வெளிச்சம் அடித்தால் கேமரா பார்த்துக்கொள்ளும். ரத்தம் வேகமாக ஓடும் இடம் கம்ப்யூட்டரில் சிவப்பு, மெதுவாக ஓடினால் நீலம். தலை ஆடினாலும் சிவப்பாகிவிடும். அதனால் முகவாயை வைத்துக்கொள்ள ஒரு ஸ்டாண்டு. அதைச் செய்து கொடுத்தவன் நான். பல் டாக்டர்கள் பார்க்க வரும் நாளில் அது ஆடாமல் நின்றால் எனக்கு அங்கேயே வேலை என்று பேச்சு. பத்தாவது படித்தவனுக்கு ஏசி ரூம்!

நல்ல ஈறுக்கு மாதிரியாக உட்காரவும் நானே ஒப்புக்கொண்டேன். இன்ஜினியர் பிரியா மேடம், கோயம்புத்தூர்க்காரர், முந்தின நாளே சொன்னார்: "அண்ணா, காலைல பல்லுத் தேய்க்காம வாங்க. தேய்ச்சா ரத்த ஓட்டம் ஏறிக்குமுங்க. சும்மா கொப்புளிச்சாப் போதும்."

வீட்டில் சொன்னேன். உங்கள் அம்மா, "தேய்க்காத வாயோடயா பெரிய டாக்டருங்க முன்னால ஈன்னு காட்டப் போறீய?" என்றாள். நியாயம்தானே? ஊசி போட்டுக்கொள்ளப் போனாலும் தலைக்குக் குளித்துவிட்டுப் போகிற குடும்பம் நம்முடையது. உப்பும் மிளகுத்தூளும் போட்டு விரலால் கால் மணி நேரம் தேய்த்தேன். பஸ்ஸில் போவதற்குள் வாய் பழசாகிவிடுமே என்று மிச்சத்தைப் பொட்டலம் கட்டிக்கொண்டுபோய், கம்பெனி பாத்ரூமில் இன்னொரு ரவுண்டு. (குத்துவிளக்கைக்கூட அப்படித் தேய்த்ததில்லை.)

முகவாயை வைத்தேன். கம்ப்யூட்டரில் என் வாய் முழுக்கத் தீப்பிடித்தது.

பெரிய டாக்டர் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: ஸ்டாண்டு ஆடுகிறது. பேசாமல் இருந்தால் ஸ்டாண்டு போச்சு, பேசினால் நான் போச்சு. அது நான் செய்த ஸ்டாண்டு!

"ஸ்டாண்டு ஆடல சார்! நான்தான் பல்லத் தேய்ச்சேன். உப்பு, மிளகு. ரெண்டு தடவ!"

பிரியா மேடம் கண்ணை மூடிக்கொண்டார். "ஏனுங்ணா?"

"ஒரு மணி நேரம் கழிச்சு எடுங்க மேடம். அப்பவும் செவப்பா வந்தா ஸ்டாண்ட நானே ஒடச்சுப் போடுதேன்!"

எடுத்தார்கள். தீ அணைந்து, படம் நீலமாக வந்தது. நான் காலையில் என்ன செய்தேன் என்பதைக்கூட இந்த மிஷின் காட்டிக்கொடுக்கிறதே என்று பெரிய டாக்டர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

வேலை கிடைத்தது. முதல் வேலை, "பல் தேய்த்துவிட்டு வராதீர்கள்" என்று பெரிதாக எழுதி பாத்ரூம் கதவில் ஒட்டுவது. பிரியா மேடம் பக்கத்திலேயே நின்று ஒட்டவைத்தார்.

நான் செய்த உண்மையான தப்பு, இந்தக் கதையை உங்களிடம் சொன்னதுதான். தினமும் காலையில் பிரஷ்ஷை நீட்டினால் இரண்டு பேரும் ஒரே குரலில், "நக்கோப்பா, வேணாம்ப்பா, இன்னைக்கு ஸ்கேன் இருக்கு!"

ஒரு ஸ்கேனும் கிடையாது. போய்த் தேயுங்கள்.