பிரதிவாதியின் வேன்

போட்டோகொப்பிக் கடையில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு நோய் வரும். நாள் முழுக்க அடுத்தவர்களின் காகிதங்களைப் பிரதி எடுத்து எடுத்து, அதில் எழுதியிருப்பதெல்லாம் தனக்கும் தெரியும் என்று தோன்ற ஆரம்பித்துவிடும். பதுளையில் கோர்ட்டுக்குப் போகும் தெருவில் ஒரு கடையில் நான் அந்த வேலை பார்த்தேன். வருவதெல்லாம் வழக்குத் தாள்கள். கொஞ்ச நாளிலேயே எனக்கு நோய் முற்றிவிட்டது. (சட்டத்தரணிகளுக்கே ஆலோசனை சொல்லியிருக்கிறேன். அவர்கள் மீதிக் காசைக்கூட வாங்காமல் போய்விடுவார்கள்.)

அந்த நேரம் பார்த்துத்தான் என் மலர் அக்காவும் அவள் புருஷன் செல்வம் மாமாவும் பிரிந்துவிடுவது என்று முடிவெடுத்தார்கள்.

அக்கா அப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். மாமா எல்லவுக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்கு வேன் ஓட்டுகிறவர். இரண்டு பேரும் நல்லவர்கள். ஒரே வீட்டுக்குள் வைத்தால்தான் கெட்டுப்போவார்கள். மாமா ஏற்கெனவே எல்லவில் அறை எடுத்துத் தங்கிவிட்டார். அடிதடி இல்லை, இன்னொருத்தி இல்லை. மிஞ்சியது பாதி கட்டி, கூரை போடாமல் நின்ற ஒரு வீடு மட்டும்தான்.

"ஞாயித்துக்கெழம பள்ளிக்கூடத்துல கூடுற மத்தியஸ்த சபையில போய்ப் பேசிக்கிறோம்டி. வீட்டு விசயத்த அங்க முடிச்சிட்டா, கோர்ட்டுல விவாகரத்து மட்டும் வாங்கிக்கலாம். செலவு பஸ் காசுதான்" என்றாள் அக்கா.

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்று நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறையலாம் போலிருக்கிறது.

"சும்மா கெடைக்கிறது சும்மாதான் இருக்கும் அக்கா. பள்ளிக்கூடத்துப் பெஞ்சுல ஒக்காந்து பேசுறதெல்லாம் ஒரு சட்டமா? கோர்ட்டுக்குப் போனாத்தான் நமக்கு மரியாத. வீடு முழுசா ஒனக்கே வரும். நான் பாத்துக்கிறேன்."

அக்கா என்னை நம்பினாள். எங்கள் கடைக்கு அடிக்கடி வரும் ஒரு சட்டத்தரணி அம்மாவிடம் கூட்டிப்போனேன். வழக்குத் தயாரானது. 'பிரதிவாதி எவ்வித நியாயமுமின்றி வாதியைக் கைவிட்டுச் சென்றார்' என்று அதில் இருந்தது. (அந்த வாரமும் பிரதிவாதி வந்து வாதி குடியிருந்த வாடகை வீட்டுத் தண்ணீர்க் குழாயைச் சரிபண்ணிக் கொடுத்துவிட்டுத்தான் போயிருந்தார்.) அதைப் பார்த்த மாமாவுக்கு ரோஷம் வந்து, அவரும் ஒரு சட்டத்தரணியைப் பிடித்தார். வாதிதான் தன்னைத் துரத்தியதாகப் பதில் வந்தது. அது வரைக்கும் கோபமில்லாமல் பிரிய இருந்தவர்களுக்கு, கோபப்படக் காசு கொடுத்துக் காரணம் எழுதி வாங்கிக் கொடுத்தவள் நான்தான்.

பிறகு கோர்ட்டில் தவணை. தவணைக்கு மேல் தவணை. ஒரு நாள் மாமாவின் சட்டத்தரணி வரவில்லை, ஒரு நாள் எங்கள் சட்டத்தரணி வரவில்லை, ஒரு நாள் எல்லோரும் வந்தும் வழக்கை எடுக்கவில்லை. ஒவ்வொரு தவணைக்கும் அக்கா லீவு போட்டாள்; ஒவ்வொரு தவணைக்கும் காசு கட்டினாள். அவள் கையிலிருந்த வளையல்கள் ஒவ்வொன்றாக அடகுக் கடைக்குப் போயின. ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை. நானாக இருந்தால் தங்கச்சியையும் சேர்த்து அடகு வைத்திருப்பேன்.

கடைசியில் விசாரணைக்கு நாள் குறித்தார்கள். சாட்சிக்கு எங்கள் பெரியப்பாவை ஏற்பாடு செய்தேன். தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பொய் பேச வராது என்பது தவிர வேறு குறை இல்லாதவர். "கல்யாணம் நடந்தது தெரியும், அவரு விட்டுட்டுப் போனதும் தெரியும்னு மட்டும் சொல்லுங்க" என்று பாடம் நடத்தினேன். கௌரவமாகப் போய் இறங்க வேண்டும் என்று ஒரு வாடகை வேனும் பிடித்தேன். (பஸ்ஸில் போனால் வழக்குத் தோற்றுவிடுமா என்று அக்கா கேட்டாள். கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.)

பண்டாரவளையைத் தாண்டி, எல்லவுக்குப் பிரியும் சந்தியையும் தாண்டி, தெமோதரைக்குக் கிட்ட வேன் நின்றது. முன்னால் புகை வந்தது. மழையும் வந்தது. சாரதி போனட்டைத் திறந்து பார்த்து, யாரோ இறந்துபோன மாதிரி தலையை ஆட்டினார். வந்த பஸ்கள் எல்லாம் நிரம்பி வழிந்து நிற்காமல் போயின. நாங்கள் மூன்று பேரும் ஒரு குடைக்குள் நின்றோம்.

அப்போது ஒரு வெள்ளை வேன் எங்களைத் தாண்டிப் போய், நின்று, பின்னால் வந்தது. கண்ணாடி இறங்கியது. பிரதிவாதி.

"ஏறுங்க. ஒரே எடத்துக்குத்தானே போறோம்" என்றார் மாமா.

"ஏறக் கூடாது! எதிர்க் கட்சிக்காரங்க வண்டியில போறது சட்டப்படி பெரிய பிழை!" என்று கத்தினேன். அப்படி ஒரு சட்டம் எந்த நாட்டிலும் இல்லை. பெரியப்பா அதற்குள் ஏறி உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிச் சப்பணமும் போட்டுவிட்டார். அக்கா முன் சீட்டில் ஏறினாள். மழையில் சட்டத்தோடு தனியாக நிற்க எனக்கும் விருப்பமில்லை.

ஹாலி எலவில் மாமா வண்டியை நிறுத்தி, எல்லோருக்கும் சுடச்சுட வடையும் பிளேன் டீயும் வாங்கித் தந்தார். பெரியப்பாவுக்கு மட்டும் சீனி குறைவாக. அவருக்குச் சுகர் என்பது மாமாவுக்கு நினைவிருந்தது. வண்டி மறுபடி கிளம்பியது.

"வளையல் எங்க மலரு?" என்றார் மாமா, ரோட்டைப் பார்த்தபடியே.

"அடகுல. பின்னால டயரெல்லாம் வழுக்கையா இருக்கே, மாத்தலயா?"

"மாத்தத்தான் காசு வச்சிருந்தேன். லோயருக்குப் போயிருச்சு."

அக்கா வெளியே பார்த்தாள். "நாம ரெண்டு பேரும் கோர்ட்டுக்குக் கொட்டுனத வச்சு அந்த வீட்டுக்குக் கூரையே போட்டிருக்கலாம், இல்ல?"

"போட்டுட்டு மிச்சத்துல பெயின்டும் அடிச்சிருக்கலாம்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் அழுகையும் இருந்தது. பின் சீட்டில் நான் வடையை மென்றுகொண்டு, கையிலிருந்த வழக்குத் தாள்களை மெதுவாகச் சீட்டுக்கு அடியில் தள்ளினேன்.

ஆனாலும் தவணை தவணைதானே. வழக்கைக் கூப்பிட்டார்கள். பெரியப்பா கூண்டில் ஏறினார். அவர் தமிழில் சொல்வதைச் சிங்களத்தில் சொல்ல ஒரு மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் நின்றார்.

"பிரதிவாதியைத் தெரியுமா?" என்று எங்கள் சட்டத்தரணி கேட்டார்.

"தெரியாமலா? இப்ப அவரு வேன்லதானுங்க நாங்க எல்லாரும் வந்தோம். வடை வாங்கிக் குடுத்தாரு. தங்கமான மனுசன்."

தமிழ் தெரிந்தவர்கள் உடனே சிரித்தார்கள். மொழிபெயர்ப்பாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சிங்களத்தில் சொன்னதும் மற்றவர்கள் சிரித்தார்கள். ஒரே அவமானத்தை இரண்டு மொழியில் அனுபவித்தேன். எங்கள் சட்டத்தரணி திரும்பி என்னைப் பார்த்த பார்வையைப் பிரதி எடுத்தால் மெஷின் பற்றி எரிந்திருக்கும்.

நீதிபதி மட்டும் சிரிக்கவில்லை. இவ்வளவு இணக்கமாக இருப்பவர்கள் வீட்டு விஷயத்தை வெளியே பேசி முடித்துவிட்டு வந்தால் என்ன என்று கேட்டார். அக்கா மாமாவைப் பார்த்தாள். மாமா தலையாட்டினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியஸ்த சபை. ஒரு பள்ளிக்கூட வகுப்பறை. சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் நாடியில் முட்ட உட்கார்ந்தோம். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்த அம்மா பேசியதே குறைவு. இரண்டு பேரையும் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, "கூரை போட்ட பொறகு அந்த வீட்டுல யாரு குடியிருக்கப் போறது?" என்றார்.

இத்தனை தவணையில், இத்தனை சட்டத்தரணிகளில், யாரும் கேட்காத கேள்வி அது.

"அவதான்" என்றார் மாமா. "எனக்கு எல்லவிலதான் தொழிலு."

"அவரு போட்ட பங்க நான் கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்துர்றேன். வேன் அவருக்கே இருக்கட்டும்" என்றாள் அக்கா.

இங்கே நான் ஒரு சட்ட நுணுக்கத்தை எழுப்பலாம் என்று எழுந்தேன். "நீங்க எந்தக் கட்சி தங்கச்சி?" என்று கேட்டார் அந்த அம்மா. "அவ கொப்பி எடுக்கிறவ" என்றாள் அக்கா. "நல்லதாப் போச்சு. இதுல எல்லாருக்கும் ஒரு பிரதி எடுத்துட்டு வாங்க" என்று ஒப்பந்தத்தை என் கையில் கொடுத்தார். சட்டத்துறையில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

விவாகரத்தை மட்டும் கோர்ட்டுதான் தர முடியும் என்பதால் திரும்பவும் பதுளைக்குப் போனோம். ஆனால் இழுபறிக்கு எதுவும் மிஞ்சவில்லை; சீக்கிரமே முடிந்தது. அக்கா கூரை போட்டாள். மாமா டயர் மாற்றினார். ஒரு கல்யாணத்தை இவ்வளவு மரியாதையாக முடித்தவர்களை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. நன்றாக நடத்துகிறவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். அது அவ்வளவு கஷ்டமில்லை.

பிறகு எனக்கும் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளைக்கு ஊர், மலைக்குக் கீழே மொனராகலை. பெண் வீட்டாரை அங்கே கூட்டிப்போக அக்கா மாமாவுக்குத்தான் போன் பண்ணினாள். அவரும் வேனைக் கழுவி, பூமாலை கட்டிக்கொண்டு வந்துவிட்டார். மண்டபத்தில் அவர் ஓடியோடிச் சாப்பாடு பரிமாறுவதைப் பார்த்த என் மாமியார், அக்காவிடம் கேட்டார்: "இவரு ஒங்களுக்கு என்ன மொறையாகுதுங்க?"

அக்கா ஒரு நொடி யோசித்தாள். "எங்க பிரதிவாதிங்க" என்றாள்.

மாமியார் பயபக்தியோடு தலையாட்டினார். மலைப்பக்கத்தில் அப்படி ஒரு உறவுமுறை இருக்கும் போல என்று எடுத்துக்கொண்டார். இன்றைக்கும் போன் எடுத்தால், மலரு நல்லா இருக்கா, பெரியப்பா நல்லா இருக்காரா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, "பிரதிவாதித் தம்பி நல்லா இருக்காரா?" என்றும் கேட்பார். நாங்கள் யாரும் திருத்தவில்லை. திருத்தினால் வேறு என்ன முறை சொல்வது?