பூ விழுந்தால் ஆஸ்பத்திரி இல்லை

"இனிமே நீயும் பேச வேண்டாம், நானும் பேச வேண்டாம். காசு சொல்றதுதான் தீர்ப்பு!" என்று கணக்கு வாத்தியார் முழங்கியபோது, அவர் மனைவி தையல் மெஷினை நிறுத்தக்கூட இல்லை.

விஷயம் இதுதான். வாத்தியாரின் பின்கழுத்தில் ஒரு கட்டி. முதலில் கடுகாக இருந்தது, பிறகு பட்டாணியானது, இப்போது கோலிக்குண்டு. "டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று மனைவி காலையில் ஒரு வேளை, மாலையில் ஒரு வேளை மருந்து மாதிரி கொடுத்துக்கொண்டிருந்தாள். வாத்தியாருக்கோ ஊசியைப் பார்த்தால் மயக்கம். டாக்டர் "ம்ம்..." என்று இழுத்தாலே பாதி உயிர் போய்விடும்.

"தலை விழுந்தா வர்றேன். பூ விழுந்தா ஆஸ்பத்திரிப் பேச்சே எடுக்கக் கூடாது."

"பாதிக்குப் பாதிதானே? நியாயம்தான்."

நியாயமாவது! அது ஓரம் தேய்ந்த பழங்காசு. மேசைமேல் சுழலவிட்டால் பெரும்பாலும் பூதான். பள்ளிக்கூடம் விட்டபிறகு காலி வகுப்பில் தனியாக உட்கார்ந்து நூறு தடவை சுழற்றி, கரும்பலகையில் கோடு போட்டுப் பார்த்திருந்தார். எண்பத்தேழு பூ! விரல் வீங்கியது, மனசு குளிர்ந்தது.

சுழற்றினார். பூ.

"அப்பாடா!"

"சரி, இன்னைக்கு வேண்டாம்." மனைவி நூலைக் கடித்துத் துப்பினாள். "நாளைக்கு மறுபடி போடுவோம்."

"நாளைக்கா? எதுக்கு?"

"ஒரே ஒரு தடவை போட்டுட்டு எதையும் முடிவு பண்ணக் கூடாதுன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறது யாரு?"

வாத்தியார் தலையாட்டிவிட்டார்.

மறுநாளும் பூ. அதற்கடுத்த நாளும் பூ. வாத்தியார் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே வந்தது. எவ்வளவு தேய்ந்த காசாக இருந்தால் என்ன, தினம் சுழற்றினால் என்றாவது தலை விழுந்துதானே ஆகும்? இந்தக் கணக்கு அவருக்குத் தெரியாதா? தெரியும். தலையாட்டும்போதுதான் தெரியவில்லை.

வியாழக்கிழமை காலை காசு சுழன்று, துள்ளி, மெஷினுக்கு அடியில் ஓடியது. மனைவி குனிந்து எடுத்தாள்.

"தலை!"

வாத்தியார் நாற்காலியில் சரிந்தார். "தெரியும்... வந்துதானே ஆகணும்... சட்டையை எடு."

டாக்டர் கட்டியை அழுத்தினார், உருட்டினார், ஸ்கேன் எடுக்கச் சொல்லி, படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ம்ம்..." என்றார். வாத்தியார் மனைவியின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையும் சில்லிட்டிருந்தது.

"பயப்பட ஒண்ணுமில்லை. வெறும் கொழுப்பு."

"அது எனக்குக் கல்யாணமான வருஷமே தெரியும் டாக்டர்," என்றாள் மனைவி.

வெளியே வந்ததும் வாத்தியாருக்குக் கால் தரையில் பாவவில்லை. புகை கக்கிக்கொண்டு போன பஸ்கூட அழகாகத் தெரிந்தது. கூடவே பாடமும் பொங்கி வந்தது.

"பார்த்தியா, இதுதான் நிகழ்தகவு! எத்தனை பூ விழுந்தாலும் தலைன்னு ஒண்ணு ஒருநாள் வந்தே தீரும். கணக்கு பொய் சொல்லாது!"

மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"இன்னைக்கும் பூதாங்க விழுந்துச்சு. எடுத்து உங்க காதுல வெச்சுட்டேன்."