ஷெரீப்பின் கோவேறு கழுதை

கோவேறு கழுதையின் பெயர் என்ன என்று சூசைதாசன் மூன்றாவது தடவையாகக் கேட்டபோதும், அவன் பராமரிக்கும் கிழவர் சின்னோர் கலோஜெரோ ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தார். பலெர்மோ நகரத்தின் அந்த நான்காம் மாடி ஜன்னலிலிருந்து தெரிவதற்கு எதிர்வீட்டு ஜன்னலைத் தவிர வேறொன்றும் இல்லை. அவர் அதைத் துறைமுகத்துக்குள் வரும் கப்பலைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"கழுதைக்கும் பேர் வைப்பினமோ?" என்று கடைசியில் கேட்டார்.

சூசைதாசன் விரலில் நாட்களை எண்ணினான். அன்று திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை புரொபெஸர் வருகிறார்.

முதல்நாள் மிலானோவிலிருந்து கிழவரின் மகள் சின்னோரா ஒர்னெல்லா போன் எடுத்திருந்தாள். திறந்துவிட்ட பைப் மாதிரிக் கதைப்பவள். சூசைதாசனின் இத்தாலியமோ ஆறு வருசம் சமையலறைகளில் நின்று பழகிய இத்தாலியம். சூப்பு, இஸ்திரிக்கை, மருந்துக் குளிசை வரைக்கும் தடையில்லாமல் ஓடும், அதற்கு அப்பால் ஊகம்தான். அவனுக்குப் பிடிபட்டது இவ்வளவு: வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குப் புரொபெஸர் வருவார். ஞாபகசக்தி விஷயம். பழைய அமெரிக்க ரி.வி. நாடகங்களைப் பற்றிக் கதை நடக்கும், முக்கியமாக அந்த ஷெரீப் ஓட்வெல் நாடகம். முப்பது வருசத்துக்கு முந்தியதெல்லாம் தலைக்குள் இருக்கிறதா இல்லையா என்று அதில் தெரிந்துவிடும். ஞாபகம் இல்லாவிட்டால் கன்னியாஸ்திரிகளின் முதியோர் இல்லம்தான், வேறு வழியில்லை. அப்பாவுக்கு முகம் வழித்து, நல்ல சேட்டாகப் போட்டுவிடு.

அவன் ஐந்து தடவை "சி, சின்னோரா" சொல்லிவிட்டுப் போனை வைத்தான். வைத்த பிறகுதான் கணக்குப் பார்த்தான்.

சின்னோர் இல்லத்துக்குப் போனால் இந்த வீட்டைப் பூட்டிவிடுவார்கள். வீடு பூட்டினால் வேலை ஒப்பந்தம் இல்லை. அந்த ஒப்பந்தத்தைக் காட்டித்தான் அவன் மனைவி றோசமலரையும் மகள் றெபேக்காவையும் கூப்பிட கெஸ்தூரா என்ற பொலிஸ் கந்தோரில் பேப்பர் கொடுத்திருந்தான். இருவரும் கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜ் அறையில் ஏழு மாதமாகச் சூட்கேசைத் திறக்காமல் வைத்துக்கொண்டு இருக்கிறார்கள். ஆகவே ஒரு அமெரிக்கக் கழுதையின் பெயரில் அவனுடைய குடும்பமே தொங்கிக்கொண்டிருந்தது.

அவனுக்கோ அந்த நாடகத்தைப் பற்றி ஒரு சொல்லும் தெரியாது. தன் ஊரான பேசாலையில் அவன் முதன்முதலில் பார்த்த ரி.வி. கார் பற்றறியில் ஓடியது. கோயில் மண்டபத்தில் நூறு பேர் கூடியிருந்து ஒன்றரை மணித்தியாலம் வெள்ளைக் கோடுகளைப் பார்த்துவிட்டு, நல்லாயிருந்தது என்று வீட்டுக்குப் போனார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை, சின்னோருக்குப் பால் கொடுத்த கையோடு, ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் தனக்குத் தலைமயிர் வெட்டும் கிழவனிடம் போனான். இப்படியான விஷயங்கள் சிகையலங்காரக் கடையில் தெரியாவிட்டால் வேறு எங்கே தெரியும்? கிழவன் கத்தியைத் தோல்வாரில் தீட்டிக்கொண்டே, ஷெரீப் ஓட்வெல் துவக்கு வைத்திருக்காத ஷெரீப் என்றும், கள்வர்களைப் பேசியே பிடிப்பவர் என்றும், அவருடைய கோவேறு கழுதைக்குப் பெப்பிட்டா என்று பெயர் என்றும் சொன்னான். சூசைதாசன் கொப்பியில் தமிழில் எழுதினான்.

அப்போது கதிரையில் சவர்க்கார நுரையோடு இருந்தவர் கையை உயர்த்தினார். பெப்பிட்டா என்பது சத்திரம் நடத்திய விதவை, கழுதையின் பெயர் மார்த்தினோ என்றார். அவள் விதவையே இல்லை என்றான் கிழவன். கடைசிப் பகுதியில் ஷெரீப் கல்யாணம் கட்டியது பின்னே யாரை என்று கேட்டார் அவர். வாக்குவாதம் முற்றி, அவர் ஒரு பக்கக் கன்னம் மட்டும் வழித்த நிலையிலேயே எழும்பி வெளியே போய்விட்டார்.

திரும்பி வரும்போது வீட்டு வாசற்காவல்காரியிடமும் ஒரு சொல் கேட்டுப் பார்த்தான். அவள் கழுதையே கிடையாது, வெள்ளைக் குதிரைதான் என்றாள். அவர் ஷெரீப்பும் இல்லை, வைத்தியர். கடைசிப் பகுதியில் பனியில் விறைத்துச் செத்துப்போனார். அதைச் சொல்லும்போதே அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவளைத் தேற்றி அனுப்பவே அரை மணித்தியாலம் போயிற்று. மேலே வந்து கொப்பியைப் பார்த்தான். ஒரே விலங்குக்கு இரண்டு பெயர், இரண்டு இனம். ஷெரீப் கல்யாணம் கட்டியும் இருந்தார், செத்தும் இருந்தார்.

அதே தெருவில் இன்னொரு வீட்டில் ஸ்ரெல்லா வேலை செய்தாள். ஒரே பங்குக் கோயில். அவனை அண்ணை என்று கூப்பிடுபவள். சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"ஆருக்கு அண்ணை இப்ப அந்தக் கழுதையின்ர பேர் சரியாத் தெரியும்? ஒருத்தருக்கும் தெரியாது. நீங்கள் ஒண்டைப் பிடிச்சு உறுதியாப் பழக்கி விடுங்கோ. உறுதியாச் சொன்னா நம்புவினம்."

அது அவனுக்கு நியாயமாகப் பட்டது. புதன்கிழமை காலையிலேயே தொடங்கினான். ஆனால் பெப்பிட்டாவும் மார்த்தினோவும் அவனுக்கே மாறி மாறி வந்தன. வாத்தியாருக்கே தடுமாறினால் மாணவன் என்ன செய்வார்? கடைசியில், தான் ஒருபோதும் மறக்கமாட்டாத பெயர்களாகப் பார்த்து வைத்தான். சத்திரக்காரிக்குத் தன் மாமி அகஸ்ரீனாவின் பெயர். கள்வர் தலைவனுக்கு கிறிகோரியின் பெயர். அவன் சூசைதாசனின் அறைக்கூட்டாளி, மூடி வைத்த கறியில் எப்போதும் மீன்துண்டுகளை மட்டும் காணாமல் போகச் செய்பவன். கோவேறு கழுதைக்கு, றோசமலரின் தாய்மாமனின் பெயர். அந்த மனிதர் ஒரு சொல்லும் கேட்கமாட்டார், தள்ளினாலும் நகரமாட்டார்.

"அருளையா," என்றான் சூசைதாசன்.

"அருளையா," என்றார் சின்னோர் கலோஜெரோ. அவருடைய முகத்தில் ஒரு விளக்கு எரிந்தது.

மத்தியானம் கேட்டான், சொன்னார். நித்திரையால் எழும்பியதும் கேட்டான், சொன்னார். பின்னேரம் அவன் கேட்காமலே சொன்னார். பிறகு அவரே கேள்வி கேட்கத் தொடங்கினார். அருளையா என்ன சாப்பிடும்? மன்னார் ரவுணில் கழுதைகள் சாப்பிடுவதைத்தான் சூசைதாசன் பார்த்திருக்கிறான். யோசிக்காமல், பேப்பர் சாப்பிடும், சீமெந்துப் பேப்பர் என்றால் விருப்பம் என்றான். சின்னோர் நெடுநேரம் யோசித்துவிட்டு, அது தனக்கும் ஞாபகம் வருகிறது என்றார்.

வியாழக்கிழமை ஸ்ரெல்லா ஒரு வீடியோ கசற்றோடு ஓடி வந்தாள். அவளுடைய சின்னோராவின் மகன் அந்த நாடகத்தின் ஒரு பகுதியைப் பதிந்து வைத்திருந்தானாம். கசற்றைப் போட்டார்கள். ஷெரீப் வந்தார். கோவேறு கழுதையில்தான் வந்தார். இறங்கி அதன் கழுத்தைத் தட்டி, "நெல்லி" என்று கூப்பிட்டார்.

நெல்லி. நெல்லிக்காய் நெல்லி. உலகத்தில் ஒரு தமிழன் ஞாபகம் வைத்திருக்க இதைவிடச் சுலபமான கழுதைப் பெயர் இருக்க முடியாது. சூசைதாசன் தலையில் கைவைத்துக்கொண்டு சோபாவில் இருந்துவிட்டான்.

பிறகு எழும்பி, கசற்றைப் பின்னுக்கு ஓட்டி, சின்னோருக்கு அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினான். நாலாவது தடவையில் சின்னோர் ரி.வி.யை நிற்பாட்டச் சொன்னார்.

"இது வேறை மிருகம். ஆக்களை ஏமாத்துறாங்கள். முப்பது வருசமா எனக்கு அருளையாவைத் தெரியும்."

அவர் இரவுச் சாப்பாடு வேண்டாம் என்றார். அருளையாவை என்ன செய்தார்கள் என்று யாராவது சொல்லும் வரைக்கும் வாய் திறக்கமாட்டேன் என்றார். கசற்றை ஸ்ரெல்லாவிடம் கொடுத்தனுப்பி, அருளையா பத்திரமாக லாயத்தில் நிற்கிறது என்று சத்தியம் பண்ணிய பிறகுதான் இரண்டு கரண்டி சூப்புக் குடித்தார்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மணி அடித்தது. சூசைதாசன் சிலுவை போட்டுக்கொண்டு கதவைத் திறந்தான்.

புரொபெஸர் உயரமான கிழவர். சாம்பல்நிறக் கோட்டும் கழுத்துப்பட்டியும், கையில் தொப்பி. அவருக்குப் பின்னால் கறுத்தப் பையும் பைலும் சுமந்துகொண்டு முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வந்தாள், உதவியாளராக இருக்கவேண்டும். சின்னோரும் புரொபெஸரும் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சிக்கொண்டார்கள். சோதிக்க வந்தவரும் சோதனைக்கு இருப்பவரும் கொஞ்சிக்கொள்வதை சூசைதாசன் எந்த நாட்டிலும் பார்த்ததில்லை. என்றாலும் தெரிந்தவர் என்றால் புள்ளியில் கொஞ்சம் இரக்கம் பார்ப்பார் என்று ஆறுதல்பட்டான்.

கடைசி வழியாக அவன் ஒன்று வைத்திருந்தான். கழுதைக் கேள்வி வரும்போது கோப்பியைக் கொண்டுபோய், சின்னோரின் காதுக்கருகே குனிந்து, சரியான பெயரை மெல்லச் சொல்லிவிடுவது.

புரொபெஸர் காலநிலையைப் பற்றிக் கதைத்தார். பிறகு திரும்பவும் காலநிலையைப் பற்றிக் கதைத்தார். மூலையில் இருந்த பெண் பைலை விரித்தபடி, அந்த ஷெரீப் நாடகத்தைப் பற்றிக் கேட்கலாமே என்று பணிவாக ஞாபகப்படுத்தினாள்.

"ஓம், ஓம். ஷெரீப்," என்றார் புரொபெஸர். "அவர் ஏறிப் போற மிருகத்துக்கு என்ன பேர், கலோஜெரோ?"

சூசைதாசன் தட்டோடு விரைந்தான். பதற்றத்தில் கம்பளத்தில் கால் தடக்கியது. கோப்பி புரொபெஸரின் சப்பாத்தில் ஊற்றுப்பட, "நெல்லி" என்ற சொல் அவன் வாயிலிருந்து வீட்டுக்கே கேட்கும்படி வந்தது.

சின்னோர் அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. "அருளையா," என்றார் நிமிர்ந்திருந்து.

புரொபெஸர் சப்பாத்தைக் கவனிக்கவில்லை. கண்ணை மூடி, தூரத்தில் யாரோ கூப்பிடுவதைக் கேட்பவர்போல இருந்தார். சூசைதாசனுக்குக் கொட்டாஞ்சேனை அறையில் திறக்காத சூட்கேஸ் தெரிந்தது.

"அருளையா," என்று புரொபெஸர் மெதுவாகச் சொன்னார். "சரி. அருளையாதான். இடது காது கிழிஞ்சது."

சூசைதாசன் தட்டை மேசையில் வைத்தான். றோசமலரின் தாய்மாமன் அருளையாவுக்கு இடது காது உண்மையாகவே கிழிந்திருந்தது. ஒருமுறை வலைக் கொக்கி கொழுவிக் கிழித்தது. அதை அவன் பலெர்மோவில் ஒருவரிடமும் சொன்னதில்லை.

அதன்பிறகு இரண்டு கிழவர்களையும் பிடிக்க முடியவில்லை. அருளையா பேப்பர் தின்னும் என்றார் சின்னோர். நீதிமன்றத்துக் கட்டளையையே ஒருநாள் தின்றுவிட்டதே என்று புரொபெஸர் சிரித்தார். கிறிகோரி சத்திரத்துக்குள் புகுந்து சட்டியைத் தூக்கியதை ஒருவர் சொல்ல, அகஸ்ரீனா அவனை அகப்பையால் அடித்துத் துரத்தியதை மற்றவர் சொன்னார். கடைசிப் பகுதியில் அருளையா ஷெரீப்பைப் பனிக்குள்ளால் சுமந்து வந்ததைப் புரொபெஸர் எழும்பி நின்று நடித்துக் காட்டினார். சின்னோர் லேஞ்சியை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். மூலையில் இருந்த பெண் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தாள்.

சூசைதாசனுக்கு எது கசற்றில் பார்த்தது, எது தான் சொன்னது, எது பேசாலையில் நடந்தது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. அப்படி ஒரு கழுதை அமெரிக்காவில் இருந்தாலும் இருந்திருக்கும் என்றுகூடத் தோன்றியது. ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது: புரொபெஸரே சரி என்று சொல்லிவிட்டார்.

ஐந்தரைக்குப் புரொபெஸர் விடைபெற்றார். திரும்பவும் கொஞ்சிக்கொண்டார்கள். உன்னுடைய தலை இன்னும் கத்திமாதிரி இருக்கிறது, கலோஜெரோ என்று சொல்லி, தொப்பியைப் போட்டுக்கொண்டு, யாருக்கும் காத்திராமல் லிப்ற்றுக்குள் ஏறிப்போனார். அந்தப் பெண் கடதாசிகளை அடுக்கிக்கொண்டு பின்னுக்கு நின்றாள். ஒரு தாளில் அருளையா, அகஸ்ரீனா, கிறிகோரி என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சிவப்பில் பெருக்கல் குறி போட்டிருந்ததை சூசைதாசன் கண்டான்.

வாசலை மறித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த இத்தாலியம் முழுவதையும் கொட்டினான். கழுதையின் பெயர் நெல்லிதான். அருளையா தன் மனைவியின் மாமன். எல்லாவற்றையும் பிழையாகச் சொல்லிக்கொடுத்தது தான்தான், சின்னோர் படித்ததைத்தான் ஒப்புவித்தார். மனைவியும் பிள்ளையும் வரக் காத்திருக்கிறார்கள்.

"இதாலை என்ர சின்னோரை இல்லத்திலை விட்டிடாதேங்கோ. தண்டனை எண்டால் எனக்குத் தாங்கோ. இன்னொரு தரம் சோதியுங்கோ, நான் வாய் திறக்க மாட்டன்."

அவள் பைலை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, விளங்காதவள்போல அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்கட சின்னோரை ஆர் சோதிச்சது? டொக்டர் நான்தான், பழைய கூட்டாளியோடை கதைக்க விட்டு ஞாபகம் பாக்கக் கூட்டிவந்தனான். என்ர நோயாளி இப்ப லிப்ற்றிலை கீழை போறார்."