மேசைக்கு விழுந்த அடி

அளவெடுக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், யாராக இருந்தாலும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். தையற்காரர் முன்னால் நான் அப்படித்தான் நிற்பேன்; பிறகு தைத்து வந்த ரவிக்கைக்குள் மூச்சுவிட முடியாமல் தவிப்பேன். ஆசிரியர்களையும் அளந்து பார்க்கலாம் என்று தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் பள்ளித் தாளாளருக்குத் தோன்றியது. முன்கூட்டியே சொல்லியும்விட்டார்.

விக்கிரமசிங்கபுரத்தில் அது ஒரு தனியார் பள்ளி. நான் கல்லிடைக்குறிச்சியிலிருந்து பாபநாசம் பஸ்ஸில் போய் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தும் தற்காலிக ஆசிரியை. நிரந்தர இடம் ஒன்று காலியாக இருந்தது. அது கிடைத்தால் நான் சம்பாதிக்கிற பெண்; கிடைக்காவிட்டால், அப்பா பார்த்து வைத்திருந்த தூத்துக்குடி மாப்பிள்ளைக்குப் பெண். இதைத் தவிர எனக்கு அப்போது வேறு கவலை கிடையாது.

தாளாளர் சென்னையில் ஏதோ கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்திருந்தார். பரீட்சை முடிவை மட்டும் வைத்து ஓர் ஆசிரியரை மதிப்பிடுவது அநியாயம் என்று ஆசிரியர் கூட்டத்தில் சொன்னார். மாணவர்கள் வாங்கும் மதிப்பெண்ணைப் பார்க்க வேண்டும். வகுப்பில் உட்கார்ந்து பாடம் நடத்துவதையும் பார்க்க வேண்டும். மாணவர்களைக் கேட்க வேண்டும். பெற்றோரையும் கேட்க வேண்டும். குறை தெரிந்தால் ஆசிரியரை மேம்படுத்த வேண்டும். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. இன்றைக்கும் நான் அதை ஒப்புக்கொள்வேன். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் நானும் இருந்தேன் என்பதுதான் பிழை.

கூட்டம் முடிந்ததும் கணக்கு ஆசிரியர் சுப்பையா சார் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "டீச்சர், பாடம் நடத்துததை எல்லாம் கொஞ்சம் நிறுத்தி வையிங்க. இனி மார்க் வாங்குத வழியைப் பாப்போம்."

அவர் கேலியாகச் சொன்னார். நான் அதைத் திட்டமாக எடுத்துக்கொண்டேன்.

மாணவர் கருத்தில் எனக்குப் பயமில்லை. நான் அடிக்க மாட்டேன். பையன்களுக்கு அது போதும். பெற்றோர் கருத்தில் அதே காரணத்துக்காகத்தான் பயம். அந்த ஊரில் ஜூன் மாதம் பள்ளி திறந்ததும், மில்லில் வேலை பார்க்கும் அப்பாக்கள் வந்து, பையனைக் கையோடு பிடித்து ஒப்படைத்து, "நல்லா அடிச்சு வளக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போவது வழக்கம். சிலர் பிரம்பையும் அவர்களே வெட்டிக்கொண்டு வந்து தருவார்கள். (பழைய பிரம்பு பழுதாகிவிட்டதா என்று அரைப்பரீட்சை லீவில் விசாரிப்பவர்களும் உண்டு.) என் மேசையில் இருந்த பிரம்பு அப்படி வந்ததுதான். அதை வைத்து நான் படத்தில் இரைப்பையைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

என் வகுப்புப் பையன் முத்துக்குமாரின் அப்பா ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், நீங்க அடிக்கவே மாட்டீயளாமே?"

"அடிக்காமலே படிக்கிறான் அண்ணாச்சி."

"பய சிரிச்சுக்கிட்டே வீட்டுக்கு வாரான். சிரிச்சுக்கிட்டு வாரதுக்கு அது பள்ளிக்கூடமா, பொருட்காட்சியா?"

நிரந்தர இடம் என் கண்ணெதிரே பஸ்ஸேறிப் போயிற்று. அடித்தால் மாணவர் மதிப்பெண் போகும். அடிக்காவிட்டால் பெற்றோர் மதிப்பெண் போகும். சாதாரண ஆசிரியையாக இருந்தால் குழம்பியிருப்பாள். நான் இளங்கலை இயற்பியல். இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன்.

பெற்றோர் வந்து பள்ளியைச் சுற்றிப் பார்க்கும் நாளில் நான் பிரம்பால் மேசையை அடிப்பேன். பையன் அலற வேண்டும். வராந்தாவில் நிற்கும் அப்பாக்களுக்குக் காது குளிரும். பையன் உடம்பில் ஒரு கீறலும் இருக்காது. ஒரே அடியில் இரண்டு மதிப்பெண்.

வகுப்பில் இதைச் சொன்னபோது எழுந்த உற்சாகம், அந்த ஆண்டு முழுவதும் குவிலென்ஸுக்குக் கிடைக்காத ஒன்று. அலறுவதற்கு முத்துக்குமாரைத் தேர்ந்தெடுத்தோம். அதுவரை எந்தக் கேள்விக்கும் வாய் திறக்காதவன். ஒத்திகையில் அவன் போட்ட முதல் சத்தத்துக்கே பக்கத்து வகுப்பிலிருந்து சுப்பையா சார் சாக்பீஸோடு ஓடிவந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நல்லா இருங்க டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதை வாழ்த்து என்று எடுத்துக்கொண்டேன். லென்ஸ் பாடம் கரும்பலகையில் பாதியில் நிற்க, தினமும் கடைசி வகுப்பில் ஒத்திகை நடந்தது. பிரம்பு மேசையில் விழுந்த அந்தக் கணமே அலறல் வர வேண்டும் என்பதில் நான் மிகவும் கண்டிப்பாக இருந்தேன்.

அந்த நாளும் வந்தது. பெற்றோரோடு, வகுப்பைப் பார்வையிட ஓய்வு பெற்ற கல்வி அதிகாரி ஒருவரையும் தாளாளர் அழைத்து வந்தார். வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. "ஏலே! வீட்டுப்பாடம் எங்கே?" என்று கத்தி மேசையில் ஓங்கிப் போட்டேன்.

முத்துக்குமார் அலறினான். ஒத்திகையில் இல்லாத வசனங்களும் வந்தன. "ஐயோ டீச்சர்! கை ஒடிஞ்சிட்டு டீச்சர்! எங்கம்மைக்கு நான் ஒரே பிள்ளை டீச்சர்!" (அவனுக்கு மூன்று தம்பிகள்.) வாய்ப்புக் கிடைக்காத ஏக்கத்தில் இருந்த கடைசி பெஞ்சும் சேர்ந்து அலறியது.

கதவு திறந்தது. உள்ளே வந்தது அப்பா அல்ல, அம்மா. அந்த நேரத்தில் அப்பாக்களில் பாதிப் பேர் மில்லுக்குள் இருப்பார்கள், மீதிப் பேர் இரவு ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருப்பார்கள் என்று நான் யோசிக்கவில்லை. மில் ஊரில் வேலை பார்த்துக்கொண்டு மில் சங்கை மறந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வந்திருந்தவர்கள் எல்லாருமே அம்மாக்கள்.

"ஏ டீச்சர்! பிள்ளைய கொல்லுததுக்கா அனுப்பி வச்சேன்?" என்றாள் முத்துக்குமாரின் அம்மா பேச்சியம்மாள்.

"இல்லம்மா... உங்க வீட்டுல அடிக்கச் சொன்னாங்க..."

"அந்த மனுசன் ஆயிரம் சொல்லும். நான் சொன்னேனா?" பையனை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"நான் மேசையைத்தான் அடிச்சேன்" என்றேன். உலகத்தில் இதைவிட நம்ப முடியாத உண்மை வேறு இருக்காது.

கல்வி அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "தம்பி, கையைக் காட்டு."

முத்துக்குமார் காட்டினான். மதியம் சாப்பிட்ட புளியோதரையின் மஞ்சளைத் தவிர அதில் ஒன்றும் இல்லை.

"ஒண்ணும் காணலியே?"

"உள்காயம் சார்."

அதிகாரி வகுப்பைப் பார்த்தார். "டீச்சர் அடிச்சாங்களா?"

என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு வகுப்பு ஒரே குரலில், "ஆமா சார்!" என்றது. முன் பெஞ்சில் ஒருவன் எழுந்து, "தினமும் அடிப்பாவ சார். நல்லா அடிப்பாவ" என்று கூடுதலாகவும் சான்று கொடுத்தான்.

தாளாளரின் முகம் சுண்டிப் போயிற்று. வேலை போனாலும் பரவாயில்லை, போலீஸ் வராமல் இருந்தால் போதும் என்ற நிலைக்கு வந்துவிட்டேன். "சார், பாருங்க. இப்படித்தான் அடிச்சேன்" என்று பிரம்பை எடுத்து மேசையில் ஒரு போடு போட்டேன்.

"ஐயோ டீச்சர்!" என்று அம்மாவின் அணைப்புக்குள்ளிருந்து அலறினான் முத்துக்குமார்.

மேசைக்கும் அவனுக்கும் நடுவில் நான்கு பெஞ்சு தூரம். சந்தேகம் தீர மறுபடியும் மேசையைத் தட்டினேன். மறுபடியும் அலறினான். ஒரு மாணவனை நான் முழுமையாகத் தயார்செய்தது என் ஆசிரியப் பணியில் அந்த ஒரு தடவைதான்.

பேச்சியம்மாள் அணைப்பைப் பைய விலக்கி மகனை ஏற இறங்கப் பார்த்தாள். "சவத்து மூதி, நடிக்கவால செய்யுத?" என்று காதைப் பிடித்துத் திருகினாள். அப்போது அவனிடமிருந்து வந்த சத்தம் பக்கத்து பெஞ்சுக்குக்கூடக் கேட்டிருக்காது.

மாலையில் தலைமையாசிரியர் அறையில் என் மதிப்பீடு நடந்தது. மாணவர்கள் எனக்கு முழு மதிப்பெண் கொடுத்து, இதுபோல இன்னும் பாடங்கள் வேண்டும் என்றும் கேட்டிருந்தார்கள். அம்மாக்கள், "டீச்சர் தங்கமானவ. ஆனா மேசையப் போட்டு ஏன் அடிக்கா?" என்று கேட்டிருந்தார்கள். லென்ஸ் பற்றிய தேர்வில் வகுப்பே தோற்றிருந்தது. வகுப்பறைப் பார்வையில் பாடம் எதுவும் தென்படவில்லை.

அதிகாரி என்னைக் கோபமில்லாமல் பார்த்தார். "நாலு அளவுகோலும் நாலு பேரைக் காட்டுது. இதுல பாடம் நடத்த வந்தவங்க யாரும்மா?"

இந்தக் கேள்விக்கு முத்துக்குமாராக இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பான்.

நிரந்தர இடம் வேறொருவருக்குப் போயிற்று. மேம்படுத்தும் பகுதியையும் தாளாளர் மறக்கவில்லை; அந்த ஆண்டு விழா நாடகத்தை என் பொறுப்பில் விட்டார். விழா முடிந்ததும் பள்ளியை விட்டு ஒரு நாளிதழில் பிழை திருத்தப் போனேன். அங்கே அளவுகோல் ஒன்றுதான்: பிழை இருக்கிறதா, இல்லையா.

தூத்துக்குடிக்காரர் பெண் பார்க்க வந்தபோது கதை அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. காபித் தம்ளரை நான் மேசையில் வைத்த சத்தத்துக்கு, "ஐயோ டீச்சர்!" என்றார். அப்பா திகைத்துப் போனார். நான் சிரித்துவிட்டேன், கல்யாணம் நிச்சயமாயிற்று. அன்று முதல் எங்கள் வீட்டில் காரணம் சொல்ல முடியாத எல்லா வலிக்கும் ஒரே பெயர்தான், முத்துக்குமார் அதிகாரியிடம் சொன்ன பெயர்.

போன மாதம் பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் போன் செய்தாள். அவளுடைய அலுவலகத்தில் வருடாந்தர மதிப்பீடாம். மேலாளர், கூட வேலை செய்பவர்கள், வாடிக்கையாளர், அவளே அவளுக்கு என்று எல்லாப் பக்கமிருந்தும் அளந்திருக்கிறார்கள்.

"எப்படி வந்திருக்கு?" என்றேன்.

"வெளியில பாத்தா ஒண்ணும் தெரியலம்மா" என்றாள். "உள்காயம்தான்."