ஒரு வாய் முறுக்கு

தட்டில் இருந்த கேசரி வைரவனுக்கு மலையாகத் தெரிந்தது. ஒரு வாய் இறங்கினால் மகள் கல்யாணம் நிச்சயம். இறங்காவிட்டால் இந்த ஆழ்வார்பேட்டை வரனும் போச்சு.

சம்பந்தம் பேசப் போன வீட்டில் கை நனைத்தால் சம்மதம்; நனைக்காமல் எழுந்தால் வேண்டாம் என்று அர்த்தம். காப்பியெல்லாம் கணக்கில் சேராது. ஏற்கெனவே இரண்டு வரன்கள் இப்படித்தான் தட்டிப்போயின. வைரவனின் கழுத்தெலும்பு முன்பக்கமாக வளர்ந்து உணவுக்குழாயை அழுத்துகிறது என்று எக்ஸ்ரே பார்த்த டாக்டர் கைவிரித்துவிட்டார். வெளியே சொன்னால் பரம்பரை வியாதி என்று பெண்ணையும் ஒதுக்கிவிடுவார்கள். தியாகராய நகர் ஜவுளிக்கடையில் ஊரையே சமாதானப்படுத்துகிறவருக்குத் தன் தொண்டையைச் சமாதானப்படுத்தத் தெரியவில்லை.

பிள்ளை ஆபீஸ் வேலையாக வெளியூர் போயிருப்பதாகச் சொன்னார்கள். பிள்ளையின் தகப்பனார் ராஜரத்தினம் எதிரே உட்கார்ந்து தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வாய் வையுங்களேன்," என்று வைரவனின் மனைவி சண்முகவடிவு பல்லைக் கடித்தாள்.

வைத்தார். பாதியில் நின்றது. புரையேறி, துண்டில் துப்பிக்கொண்டார்.

"இனிப்பு ஆகாதுங்களா?" என்றார் ராஜரத்தினம்.

"இல்ல... இன்னிக்குக் கிருத்திகை விரதம்," என்று உளறினார்.

"அடடா, விரதத்தைக் கெடுக்கக் கூடாது!"

ரேஷன் சர்க்கரையில் கிண்டிய கேசரி அடுத்த நொடி தட்டோடு சமையற்கட்டுக்குத் திரும்பிப் போயிற்று. சண்முகவடிவு தொடையில் கிள்ளினாள்.

"விரதம் முடிஞ்சாச்சு! கொண்டாங்க!" என்று அலறினார் வைரவன்.

இம்முறை முறுக்கு வந்தது. கடித்ததில் பல்லே ஆடியது. ஒருவழியாக மென்றார். மோவாயை நெஞ்சோடு அழுத்தி, முகத்தை இடப்பக்கம் திருப்பினால் சில சமயம் இறங்கும். திருப்பினார்.

"பிடிக்கலைன்னா விட்டுடுங்க. நாங்க தப்பா நினைக்க மாட்டோம்," என்றார் ராஜரத்தினம்.

முகத்தைச் சுளித்துத் திருப்பிக்கொண்டதாக நினைத்துவிட்டார்! வைரவனுக்கு அழுகையே வந்துவிட்டது. பெற்ற பெண்ணுக்காக ஒரு வாய் விழுங்கத் துப்பில்லாத தகப்பன் இருந்தென்ன, போயென்ன? முருகனை நினைத்துக்கொண்டு, தண்ணீரோடு மடக்கென்று விழுங்கினார். நெஞ்சை அடைத்தது. கண் இருட்டியது. இறங்கிவிட்டது.

"சாப்பிட்டுட்டேன்!" என்று கத்தினார்.

ராஜரத்தினத்தின் சம்சாரம் ஓவென்று அழுதாள். ராஜரத்தினம் தலையில் கைவைத்துக்கொண்டார். ஒன்றும் புரியாமல் கை கழுவப் பின்கட்டுக்குப் போன வைரவனிடம், சமையல்காரன் கபாலி சொம்பை நீட்டிக் குரலைத் தாழ்த்தினான்.

"இன்னாய்யா இப்டிப் பண்ணிட்டீங்க? புள்ள முந்தாநேத்தே வேற பொண்ணக் கட்டிக்கினு ஓடிப்பூட்டான். நீங்க துன்னாம எய்ந்து போனா, சம்பந்தம் வேணாம்னது நீங்கதான்னு ஊருக்குச் சொல்லிக்கலாம்னுதானே எங்கய்யா என்னை அந்த முறுக்கக் கல்லாட்டம் சுடச் சொன்னாரு!"