பொய் அட்டைக்கு அள்ளிக் கொடுத்த நினைவகம்

ஒரு கேள்வியைக் கேட்க வெட்கப்பட்டு, திருகோணமலைத் துறைமுகத்தடியில் ஒரு ஐஸ் தொழிற்சாலையையே நிறுத்திய பெருமை எனக்குண்டு.

அங்கே நான் ஐஸ் வாங்க வருபவர்களுக்குத் துண்டுச்சீட்டு எழுதிக் கொடுப்பவள். ஓ.எல். பரீட்சை வரை படித்தவள். ஐஸ் தூக்கும் கிறேனை இயக்கிய பழைய மின் அட்டை எரிந்துபோனது. புதிது எங்கும் கிடைக்கவில்லை. சுதன் என்ற இஞ்சினியர் வந்து, அந்த அட்டையைப் போலவே நடிக்கும் ஒரு மென்பொருளைக் கணினியில் போட்டுத் தந்தார். கிறேனின் பழைய புரோகிராம், தான் உண்மையான அட்டைக்குள் இருப்பதாக நம்பி வேலை செய்தது. (பாவம், என்னைப் போல அப்பாவி.) ஒவ்வொரு முறை தொடக்கும்போதும், பொய் அட்டைக்கு எவ்வளவு நினைவகம் ஒதுக்குவது என்று திரை கேட்கும்.

"128 போடுங்கோ அக்கா. கூட்டிப்போடாதேங்கோ" என்றுவிட்டுச் சுதன் கந்தளாய்க்குப் போய்விட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஒருநாள் முற்பகல் மின்சாரம் நின்று வந்தது. கணினியை மறுபடி தொடக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து என் தம்பி அன்ரன் ஓடி வந்தான். நாலு நாள் கடலில் கிடந்து பிடித்த சூரை மீன் முழுவதும் படகில். கொண்டுபோன ஐஸ் கரைந்துவிட்டது.

"அக்கா, கெதியா ஐஸ் தா. வெயில் ஏறுது. மீன் தாங்காது."

தொட்டியில் கட்டி கட்டியாக ஐஸ் இருந்தது. கிறேன் அசைந்தால் போதும். திரையில், கணினியிடம் மொத்தம் 4096 இருப்பதாகக் காட்டியது. அவ்வளவு இருக்க, 128 என்ன கஞ்சத்தனம்? கூடக் கொடுத்தால் கிறேன் பறக்கும் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்தவருக்குக் சாப்பாட்டுக் கோப்பை வழியச் சோறு போட்டுப் பழகிய கை வேறு. 4096 என்று அடித்தேன்.

திரை உறைந்தது. தொட்டியில் இருந்த ஐஸைவிட உறுதியாக உறைந்தது.

"என்ன பிரச்சினை?" என்று முதலாளி எட்டிப் பார்த்தார்.

"வருது சேர்" என்றேன். ஒன்றும் வரவில்லை. சுதனுக்குப் போன் எடுக்கவும் வெட்கம். மவுசை ஆட்டினேன், மேசையைத் துடைத்தேன், மாதாவை மன்றாடினேன். முக்கால் மணித்தியாலம் போனது. அன்ரன் ஒரு சூரையை வாலில் தூக்கிவந்து என் துண்டுப் புத்தகத்தின் மேல் வைத்தான்.

"மூக்கில வைச்சு மணந்து பார். பிறகும் இப்பிடியே இரு."

மணந்தேன். உடனே சுதனுக்கு எடுத்தேன்.

"எவ்வளவு போட்டனீங்கள் அக்கா?"

"கொஞ்சம் கூட..."

"கொஞ்சம் எண்டா?"

"முழுக்க."

சுதன் விளக்கினார்: "அந்தப் பழைய அட்டைக்கு 128க்கு மேல பாவிக்கத் தெரியாது. நீங்கள் குடுத்த மிச்சத்தை அது சும்மா பிடிச்சு வைச்சிருக்கு. கணினிக்கு மூச்சுவிட ஒண்டும் இல்லை. சுவிச்சைப் பத்து எண்ணும்வரை அமத்துங்கோ."

இருபது எண்ணினேன். 128 போட்டேன். கிறேன் முனகிக்கொண்டு எழும்பியது. முதல் கட்டி மேலே வந்தபோது எனக்கு அழுகையும் வந்தது.

பாதி மீன்தான் தப்பியது. மீதியை உப்புப் போட்டுக் காயவைத்தார்கள். அந்த வருடம் எங்கள் சொந்தத்தில் கருவாடு போகாத வீடே இல்லை.

போன வருடம் அன்ரனின் மகள் கலியாணத்தில், பந்தியில் உதவலாமென்று நான் சோற்றுக் கரண்டியைத் தொட்டதுதான் தாமதம். அன்ரன் கத்தினான்:

"அக்காட்டைக் கரண்டியைக் குடுக்காதேங்கோ! மாப்பிள்ளை பகுதிக்கே எல்லாத்தையும் போட்டிட்டு எங்களைக் கருவாடாக்கிப்போடுவா!"

மாப்பிள்ளை பகுதி விளங்காமல் முழித்தது. கறிச் சட்டியோடு நின்ற மச்சாள், முழுக்கதையையும் சொல்லி முடித்த பிறகுதான் அடுத்த இலைக்கு நகர்ந்தாள்.